நிலமும் போரும்: தேர்மோப்பிலேயும் கற்சிலைமடுவும்

போர்க்களத்தில் எதிர்நிற்பவை இரு படைகள் என்பது பொது வழக்கு. உற்று நோக்குமிடத்து மூன்றாவதொன்றும் அங்கு உண்டு, அது நிலம். மலையும் காடும், கழியும் சதுப்பும், நீர்நிலையும் பாதையும் எப்பக்கம் சாய்கின்றனவோ அப்பக்கமே வெற்றியும் பெரும்பாலும் சாய்கின்றது. பண்டைத் தமிழர் இதனை நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறனாக வைத்தார். போரின் வகையையும் நிலத்தின் வகையையும் இணைத்து நோக்கிய பார்வை இதில் உண்டு. வள்ளுவரும் இடனறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, ஆழ்நீரில் வெல்லும் முதலை கரையில் தோற்பதையும், சேற்றிற் கால் புதைந்த களிற்றை நரி கொல்வதையும் எடுத்துக்காட்டினார்.

வன்னி நிலத்திற் பிறந்து வளரும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி ஏட்டுக் கல்வியளவில் நின்றுவிடுவதன்று. 1803 ஆம் ஆண்டிலே கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் ஏன் தோற்றான் என வகுப்பில் வினவினால், பெரும்பாலான பிள்ளைகள் கூறும் விடை ஒன்றே: "காட்டிக் கொடுத்தார்கள்." தேர்மோப்பிலேயிற் கிரேக்கர் ஏன் தோற்றனர் என வினவினாலும் அதே விடை வருகின்றது. இவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும்? ஒரு தோல்விக்கு ஒரு துரோகியைக் காட்டிவிட்டால் வரலாறு முற்றுப்பெற்றதாகுமா? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, கிரேக்க பாரசீகப் போர்களிலே நிலம் வகித்த பங்கை முதற்கண் ஆராய்ந்து, பின்னர் நம் நாட்டிற்கு வருவோம்.

கிரேக்கரும் பாரசீகரும் போரிட்ட முறை அவரவர் நாட்டின் இயல்பிலிருந்து தோன்றியது. கிரேக்க நாடு மலைகளாற் பிரிவுண்ட சிறு சமவெளிகளின் தொகுதி. அங்கே தன் சிறு வயலை உழுத குடிமகனே போர்வீரனாகவும் விளங்கினான். ஏறத்தாழ மூன்றடி விட்டமுள்ள வட்டக் கேடயமும், ஏழு எட்டு அடி நீளமான ஈட்டியும், வெண்கலத் தலைக்கவசமும் தாங்கி, தோளோடு தோள் சேர்ந்து, பல வரிசை ஆழமாக அவன் நின்றான். தன் கேடயத்தால் இடப்பக்கத்தவனையும் காப்பது அவன் கடமை. இத்தகைய அணி, வரிசை குலையாதவரை வெல்லற்கரியது. ஆயின் மேடுபள்ளத்திலும் மரச்செறிவிலும் வரிசை குலைந்துவிடும். எனவே கிரேக்கருக்கு வேண்டியது பக்கங்கள் காப்புற்ற, அளவிற் சிறிய சமநிலம்.

பாரசீகரோ ஆசியாவின் அகன்ற மேட்டுநிலங்களிலே பேரரசு கட்டியவர். அவர்தம் வலிமை வில்லிலும் குதிரையிலும் அமைந்திருந்தது. பிரம்பாற் பின்னிய கேடயங்களை வேலிபோல் நிறுத்தி, அதன் பின்னின்று அம்பு மாரி பொழிவர். பகைவர் அணி தளர்ந்தபின் குதிரைப்படை சூழ்ந்து தாக்கும். இதற்கு வேண்டியது பரந்த வெளி. ஆகவே இரு திறத்தாரும் முதலிற் போட்டியிட்டது, எத்தகைய நிலத்திற் போர் நிகழ்வது என்பதற்காகவே எனலாம்.

கி.மு. 490 இல் மரதன் சமவெளியில் இப்போட்டி கிரேக்கருக்குச் சாதகமாக முடிந்தது. கடலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட அவ்வெளியின் ஓர் எல்லையிற் பெருஞ் சதுப்பொன்று கிடந்தது. அதெனியத் தளபதி மில்தியாதீசு தம் அணியின் நடுப்பகுதியை மெலிதாக்கி, இரு சிறகுகளையும் வலுவாக்கினார். நடுவிற் பாரசீகர் முன்னேறினர். சிறகுகளோ வென்று உள்நோக்கி மடங்கின. தோற்றோடிய பாரசீகர் பலர் சதுப்பில் அகப்பட்டு மாண்டனர். அதெனியரில் 192 பேரும் பாரசீகரில் 6,400 பேரும் இறந்தனர் என ஹெரொடோட்டஸ் கூறுவர். தன் அணியின் முழு நீளமும் தாங்கக்கூடிய களத்தைத் தெரிந்தமையே மில்தியாதீசின் திறம்.

பத்தாண்டுகளின் பின், கி.மு. 480 இல், பேரரசன் சேர்க்சசு பெரும் படையுடன் வந்தான். அப்படையின் தொகையை ஹெரொடோட்டஸ் பல இலட்சங்களாகப் பெருக்கிக் கூறுவர். இக்கால ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. எனினும் அது கிரேக்கர் அதுவரை கண்டிராத பெரும்படை என்பதில் ஐயமில்லை. அதனைத் தடுக்கக் கிரேக்கர் தெரிந்த இடம் தேர்மோப்பிலே. அப்பெயருக்கு வெந்நீர் வாயில் என்பது பொருள். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவைப் போன்று அங்கும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஒரு புறம் செங்குத்தான மலை, மறுபுறம் கடல். இடையே வண்டியொன்று செல்லக்கூடிய அளவுக்குச் சில இடங்களில் ஒடுங்கிய வழி. இன்று அவ்விடத்தைக் காணச் செல்வோர் ஆற்று வண்டல் படிந்து கடல் தொலைவிற் பின்வாங்கியிருப்பதையே காண்பர். போர்க்களத்தை நூலால் மட்டுமன்றி அக்கால நிலவமைப்பாலும் அறிதல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அவ்வொடுக்கத்திலே ஏறத்தாழ 7,000 கிரேக்கர், இசுபார்த்த மன்னன் லியோனிதாசின் தலைமையில் நின்றனர். பாரசீகரின் எண்ணிக்கை அங்கே பயனற்றுப் போயிற்று. குதிரைக்கு ஓட இடமில்லை. அவர்தம் ஈட்டிகள் கிரேக்கரின் ஈட்டிகளினுங் குறுகியவை. இரண்டு நாள் தாக்கியும் வழி திறக்கவில்லை. கடற்புறமாகப் பகைவர் பின்னே இறங்காதவாறு ஆர்த்தெமீசியம் என்னுமிடத்திற் கிரேக்கக் கடற்படை காவல் செய்தது. ஆக, முன்புறம் சுவர், வலப்புறம் கடற்படை, இடப்புறம் மலை. எஞ்சியது மலைமேற் செல்லும் ஒரு பாதை மட்டுமே.

அப்பாதையை எபியால்தீசு என்பான் பாரசீகருக்குக் காட்டினான் என்பது யாவரும் அறிந்த கதை. ஆனால் அதே வரலாற்றாசிரியர் கூறும் வேறு மூன்று செய்திகளை நாம் கவனிப்பதில்லை. முதலாவது, பாதையைக் காட்டியவர் வேறிருவர் எனவும் ஒரு செய்தி அக்காலத்தே வழங்கியது. ஹெரொடோட்டஸ் அதனை ஆராய்ந்து மறுக்கின்றார். இரண்டாவது, அப்பாதை இரகசியமானதன்று. அப்பகுதி மக்கள் முன்னரே அதன் வழியாக ஒரு படையை அழைத்துச் சென்றிருந்தனர். மூன்றாவது, லியோனிதாசும் அதனை அறிந்தே 1,000 போக்கியரை அங்குக் காவல் வைத்திருந்தார். இரவு முழுதும் நடந்த பாரசீகர் விடியற்காலையில் உச்சியை அணுகினர். காற்றில்லாத அவ்வேளையில், ஓக் மரங்களின் கீழ் உதிர்ந்து கிடந்த சருகுகள் மிதிபடும் ஓசை கேட்டே போக்கியர் எழுந்தனர். தம்மையே தாக்க வந்தனர் என எண்ணி அவர்கள் குன்றின் மேலேறி நின்றனர்; பாரசீகரோ அவர்களை விடுத்துக் கீழிறங்கிச் சென்றனர். பாதையைக் காட்டியவன் ஒருவனே. ஆனால் பாதை திறந்தது காவல் விலகிய பின்னரே. அந்நாள் இசுபார்த்தர் 300 பேரும் தெசுப்பியர் 700 பேரும் இறுதிவரை நின்று மடிந்தனர்.

ஒடுக்கமான வழியில் நிற்பது ஒரு முறையாயின், நிற்காமலே வெல்வது மற்றொரு முறை. கி.மு. 513 அளவில் பாரசீக மன்னன் தாரியசு சித்தியர் மேற் படையெடுத்தான். சித்தியருக்கு நகரமும் இல்லை, வயலும் இல்லை. அவர்கள் போரிட மறுத்துப் பின்வாங்கினர்; பின்வாங்கும்போது கிணறுகளைத் தூர்த்தனர், புல்வெளிகளை அழித்தனர். வெல்ல எதுவும் அகப்படாமல் தாரியசு திரும்ப நேர்ந்தது. காப்பதற்கு நிலையான பொருள் இல்லாதவனை நிலமே காக்கும் என்பது இதனாற் பெறப்படும். நீரின் வலிமையும் இங்கே தெளிவாகும். கி.மு. 479 இல் பிளாத்தீயாவில், கார்காபியா என்னும் ஊற்றைப் பாரசீகக் குதிரைப்படை பாழாக்கியபோது, எந்த அம்பும் பெயர்க்க இயலாதிருந்த கிரேக்கப் பெரும்படை தன் நிலையை விட்டுப் பெயர வேண்டியதாயிற்று. பின்னர் அங்கேயே அது வென்றதெனினும், நீரற்ற இடம் எவ்வளவு வலிதாயினும் அரணாகாது என்பது விளங்கிற்று.

இனி வன்னிக்கு வருவோம். யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் அநுராதபுரப் பகுதிக்கும் இடையே விரிந்து கிடக்கும் இந்நிலத்தில் மலையில்லை. பாலை, முதிரை, வீரை, கருங்காலி நிறைந்த காடும், அதனிடையே சிதறிய குளங்களும், குளத்தடியில் வயலும் ஊரும், ஊரிலிருந்து ஊருக்குச் செல்லும் காட்டுப்பாதைகளும் இதன் அமைப்பு. மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடங்கிச் சனவரி வரை பெய்யும், அக்காலத்தே கனகராயன் ஆறும் பேராறும் பெருக்கெடுக்கும், தாழ்நிலம் சேறாகும். கோடையில் நீர் குளத்திலும் கிணற்றிலும் மட்டுமே. இவற்றுடன் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அந்நியப் படைகளுக்குப் பகைவன் வாளினும் நுளம்பு கொடிதாயிருந்தது.

இந்நிலத்தில் இரு வகைப் போரும் பொருந்தும். வடக்கே ஆனையிறவு, நம் நாட்டுத் தேர்மோப்பிலே எனத் தக்கது. வன்னி யானைகள் குடாநாட்டுக்கு இட்டுச்செல்லப்பட்ட அவ்வழியைக் காக்க, ஒல்லாந்தர் அங்கும் அதன் கிழக்கேயும் சிறு கோட்டைகளை வரிசையாக வைத்திருந்தனர். தெற்கே காட்டினுள்ளே சித்தியர் முறை பொருந்தும். காட்டுப்பாதையிற் பெரும்படை பெரும்படையாகச் செல்ல முடியாது. ஒருவர் பின் ஒருவராக நீண்டு செல்லும். முன்னணி தாக்குண்பதைப் பின்னணி அறியாது. பீரங்கி வண்டி சேற்றிற் புதையும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சித்தியன் தன் கூடாரத்தை வண்டியில் ஏற்றிச் செல்வான். வன்னியன் தன் குளத்தை ஏற்றிச் செல்ல முடியாது. விதைப்புக் காலத்தில் வயலை விட்டு அகலவும் முடியாது. காடு அவனை மறைத்தது. குளம் அவனை ஓரிடத்திற் கட்டிற்று. வன்னிப் போர்களின் வரலாறு முழுதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இழுபறியே என்று கூறலாம்.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்றனர். ஒல்லாந்தர் 1658 இல் அதனை அவர்களிடமிருந்து கைப்பற்றினர். ஆனால் வன்னியில் இவ்விரு திறத்தாரும் நெடுங்காலம் யானைத் திறை பெறுவதோடு அமைந்தனர். 1782 இல் லெப்டினன்ட் நாகெல் என்பாரின் தலைமையில் ஒல்லாந்தர் படை நடத்தியபோதே வன்னிமைகள் ஒடுக்கப்பட்டன. ஆண்களைப் போன்றே வன்னிச்சியரும் அப்போது கடுமையாக எதிர்த்து நின்றனர். நாகெல் பின்னர் முல்லைத்தீவிலிருந்து இந்நிலத்தை நிருவகித்து, 1793 இல் இதன் ஊர்கள், வளங்கள் முதலியன பற்றி அறிக்கையொன்றும் எழுதினார். இச்செய்தியை மாணவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

1795 இல் ஆங்கிலேயர் முல்லைத்தீவைக் கைக்கொண்டனர். 1803 பெப்ரவரியிற் கண்டி நகரையும் பிடித்தனர். ஆனால் அங்கே காய்ச்சலும் உணவுக் குறைவும் அவர்களை வாட்டின. யூன் மாதத்தில் மேஜர் டேவியின் படை சரணடைந்து வெளியேறி, வட்டப்புலுவ என்னுமிடத்தில் மகாவலியைக் கடக்க இயலாது நின்று அழிந்தது. இச்செய்தி நாடெங்கும் பரவிய சூழலிலே, ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் கண்டியர் துணையுடன் முல்லைத்தீவைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் தம் படையினருடன் படகேறி யாழ்ப்பாணம் சென்றார்.

இவ்வெற்றியின் நிறையும் குறையும் நிலத்திலேயே தங்கியிருந்தன. முல்லைத்தீவின் மேற்கே நந்திக்கடலும் காடும் உள்ளன. அவ்வழியாக வந்தவனுக்கு நிலம் துணை நின்றது. கிழக்கே திறந்த கடல்; அது ஆங்கிலேயருடையது. தேர்மோப்பிலேயிற் கிரேக்கருக்கு ஒரு கடற்படை காவலாயிருந்தது; வன்னியனுக்கோ அத்தகைய கடற்படை இல்லை. எனவே தோற்ற படை அழியாமல் தப்பிற்று. தப்பியது மீண்டும் வந்தது.

அறுபத்தேழு நாட்களின் பின், ஒக்டோபர் 31 இல் அது நிகழ்ந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலப் படைகள் புறப்பட்டன. யாழ்ப்பாணப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அதே டிறிபேர்க். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வன்னியனின் படை தங்கியிருந்தது. விடியுமுன், ஐந்து மணியளவில், டிறிபேர்க்கின் படை எதிர்பாராவகையில் அதன்மேல் வீழ்ந்தது. பின்னாளில் அங்கு நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு, இவ்விடத்தருகே டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றே கூறுகின்றது. கொன்றார் என்று அது கூறவில்லை. வென்றவர் நாட்டிய கல்லே அவ்வளவில் நின்றிருக்க, வன்னியன் அக்களத்திலேயே வீழ்ந்தான் எனத் துணிந்துரைப்போர் அச்சொல்லை ஒருமுறை ஊன்றிப் படித்தல் நலம்.

இத்தோல்விக்குக் காரணம் யாது? நாடகங்களும் வாய்மொழிக் கதைகளும் காக்கை வன்னியன் என்பானைச் சுட்டும். ஆயின் அப்பெயரை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலே காண்கின்றோம். அங்கே அவன் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன். அந்நூல் 1803 ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அது கூறும் நிகழ்ச்சியோ அதனினும் நெடுங்காலம் முற்பட்டது. ஆகவே யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சிக்குரிய துரோகியின் பெயர், வன்னி அரசின் வீழ்ச்சிக் கதையினுள்ளும் புகுந்துவிட்டது எனக் கொள்வதே பொருத்தம். மக்கள் மனம் ஒரு பெருந்தோல்விக்கு ஒரு முகத்தைத் தேடுகின்றது. கிரேக்கர் எபியால்தீசைக் கண்டனர். நாம் பழைய பெயரொன்றை மீண்டும் எடுத்துக்கொண்டோம்.

துரோகம் நிகழ்வதே இல்லை என்பது எம் கருத்தன்று. கற்சிலைமடுவை விளக்க அது வேண்டுவதில்லை என்பதே கருத்து. 1782 முதல் இருபத்தோராண்டுகளாக இக்காட்டின் ஊர்களும் வழிகளும் ஐரோப்பிய அதிகாரிகளின் அறிக்கைகளில் ஏறிக்கொண்டிருந்தன. டிறிபேர்க் முல்லைத்தீவிலிருந்து பணியாற்றியவர். காட்டின் முதல் அரண் பிறர் அறியாமை. அவ்வரண் எழுத்தினாலும் அளவையினாலும் முன்னரே தகர்ந்திருந்தது. இரண்டாவது அரண் இடம்பெயர்தல். தங்கிய படை அதனை இழந்தது. மூன்றாவது அரண் காவல். விடியற்காலையில் அது பயன்படவில்லை. மலையுச்சியிற் போக்கியருக்கு நேர்ந்ததே மடுவிலும் நேர்ந்தது.

மூன்று வழியாகப் படை செலுத்தும் முறையும் எப்போதும் வெல்வதன்று. அடுத்த ஆண்டு, 1804 இல், ஆங்கிலேயர் பல பிரிவுகளாகக் கண்டியை நோக்கிச் செல்ல எண்ணினர். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. கட்டளைக் குழப்பத்தால் கப்டன் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து தனித்தே சென்று, கண்டியில் வேறெந்தப் பிரிவையுங் காணாது, பெருந்துன்பத்துடன் திருகோணமலைக்கு மீண்டார். 1810 இல் அவர் வெளியிட்ட நூல், காட்டுப் போரின் இடர்களை அவர் பக்கத்திலிருந்து விளக்குகின்றது. காட்டில் ஒரு பிரிவு மற்றொரு பிரிவின் நிலையை அறிவது அரிது. 1803 இல் வெற்றி தந்த முறை 1804 இல் ஏறக்குறைய அழிவைத் தந்தது. நிலம் எவர்க்கும் நிலையான நண்பனன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அண்மைக் காலமும் இதனையே காட்டுகின்றது. 2000 ஏப்பிரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தமைக்கு, இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகள் கைமாறியமை ஒரு தலையாய காரணம். பிளாத்தீயாவின் ஊற்றை அறிந்தவர்க்கு அது வியப்பளிக்காது. 2009 இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலிலே வன்னி மக்கள் பெருந்தொகையினர் அகப்பட்டு உயிரிழந்தனர். ஒடுங்கிய நிலம் படைக்கு அரணாகலாம். வெளியேற வழியற்ற குடிகளுக்கு அதுவே பொறியாகும். கிரேக்க வரலாற்றைத் தொலைநாட்டுக் கதையாகப் படிக்கும் உரிமை பிற ஊர் மாணவர்க்கு இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இல்லை.

துரோகக் கதை இருவகைத் தீங்கு செய்கின்றது. தோற்றவன் எங்கே தவறினான் என்பதை அது மறைக்கின்றது. அடுத்த வீட்டானை ஐயுறவும் கற்பிக்கின்றது. நிலத்தைக் கற்கும் வரலாறோ, குளத்தையும் பாதையையும் கிணற்றையும் கடலையும் நோக்கி வினாவெழுப்பக் கற்பிக்கின்றது. காரணத்தை ஆராய்பவன் பழி தூற்றுவதற்கு அவசரப்படான். ஆசிரியர்கள் இவ்வாராய்ச்சியைத் தத்தம் ஊர்ப் படத்தை விரித்துவைத்துத் தொடங்குவார்களாக. ஒட்டுசுட்டானிலும் பூநகரியிலும் பனங்காமத்திலும் உள்ள மாணவன், தன் ஊரின் குளக்கட்டில் நின்று, எவ்வழியாக எவர் வந்தனர், ஏன் அவ்வழியாக வந்தனர் என வினவுவானாயின், ஹெரொடோட்டஸ் செய்த பணியின் முதற்படியை அவனும் செய்தவனாவான்.